மறதி என்றார்கள், காதிலிருந்து தொடங்கினோம்: ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பு எதற்காக

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் மனைவியோடு வசிக்கும் ஒரு தமிழ் முதியவரைப் பற்றிய பதிவு இது. 2023 தொடக்கத்தில் அவருக்கு வயது 71. அப்பாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று வீட்டில் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டில் என்ன செய்தோம், ஏன் செய்தோம், எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். நான் அந்த வட்டாரத்தில் ஒரு துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் (முதியோர் கூடும் சமூக நிலையம்) வேலை செய்யும் சமூக ஊழியர். ஐயா, அவர் மனைவி, மகள் மூவரும் சம்மதம் தந்த பிறகே இதை எழுதினேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மூளையை நல்லபடி வைத்துக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்ற பட்டியல் இப்போது எல்லார் கைப்பேசியிலும் வருகிறது. நட, காய்கறி சாப்பிடு, புதிர் போடு, நன்றாகத் தூங்கு. பட்டியலில் தவறில்லை. ஆனால் 70 வயதைத் தாண்டிய ஒருவர் முன்னால் அதை அப்படியே நீட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. எதை முதலில் செய்வது, எதற்குப் பிறகு எது என்ற வரிசைதான் இந்த நிகழ்வில் எங்களுக்குப் பெரிய பாடமாக இருந்தது.

பின்னணி

ஐயா தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். வடக்குப் பகுதிக் கப்பல் பட்டறைகளில் வெல்டராகத் தொடங்கி மேற்பார்வையாளராக உயர்ந்தவர். 30 ஆண்டுக்கு மேல் அந்த வேலை. கப்பலின் அடித்தளத் தொட்டிக்குள் இறங்கி, இரும்புத் தகட்டைத் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே நாள் முழுக்க நிற்கவேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதுதான் பலருக்குப் பாதுகாப்பு. ஓய்வுக்குப் பிறகு ஒரு கொண்டோமினியத்தில் 67 வயது வரை காவல் வேலை பார்த்தார்.

நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் ஏறத்தாழ 15 ஆண்டுகளாக உண்டு. 50 வயதில் சிகரெட்டை விட்டுவிட்டார். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். மகள் குடும்பத்தோடு பொங்கோலில் இருக்கிறார்.

பட்டறை நாட்களின் நண்பர்கள் நான்கு பேர் அவருக்கு உண்டு. தினமும் காலையில் புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள கோப்பிக் கடையில் கூடுவார்கள். ஆளுக்கொரு தே, நடுவில் ஒரு தமிழ் முரசு. வெள்ளிக்கிழமை மாலையில் ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். முன்பு கான்பெரா ரோட்டில் கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் கும்பிட்ட கோயில் அது. அந்தக் காலத்து முகங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். ஐயாவின் உலகம் இந்த இரண்டு இடங்களில்தான் இருந்தது. 2022 கடைசியில் இரண்டுக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

எங்களிடம் வந்த விதம்

அவர் மனைவி எங்கள் நிலையத்துக்குக் காலை உடற்பயிற்சிக்கு வருபவர். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து, "முன்னே மாதிரி இல்லங்க இவரு. ஒரே கேள்விய நாலு தடவ கேக்கறாரு. சொன்னா, எப்ப சொன்னேன்னு நம்மகிட்டயே சண்டைக்கு வர்றாரு" என்றார்.

அப்போது நடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் செம்பவாங்கிலிருந்து நடந்து வந்தார். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தை ஒரே மாதத்தில் இரண்டு முறை கட்டினார். பேரன் பிறந்தநாளில் யாரோடும் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்து, கேக் வெட்டுவதற்கு முன்பே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மகள் சும்மா இருக்கவில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகள் போட்ட ஒரு கைக்கணினி வாங்கித் தந்தார். நினைவாற்றலுக்கென்று விற்கும் ஊட்டச்சத்து மாத்திரைகளையும் மாதாமாதம் வாங்கினார். கைக்கணினி டிவி மேசை மேலேயே கிடந்தது. மாத்திரையை மனைவி கட்டாயப்படுத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இதைச் செய்த மகளை நான் குறையாகப் பார்க்கவில்லை. பயந்த பிள்ளைக்குக் கைக்குக் கிடைக்கும் உதவி இதுதான்.

வீட்டில் கண்டவை

நானும் எங்கள் நிலையத்தின் தாதியும் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறக்கும் முன்பே டிவி சத்தம் லிப்டு வரை கேட்டது. ஐயா மரியாதையாக வரவேற்றார், உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர் மனைவிதான். ஐயா எங்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேட்டுப் புரிந்து ஆட்டிய தலை அது இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. தாதி அவருக்குப் பின்பக்கமாக நின்று பெயரைச் சொல்லி அழைத்தபோது அவர் திரும்பவே இல்லை.

டிவியை அணைக்கச் சொன்னோம். மனைவியைக் கொஞ்சம் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, நான் அவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். பட்டறை வேலையைப் பற்றிக் கேட்டேன். கப்பலின் பக்கத் தகட்டை எந்த வரிசையில் ஒட்டினால் இரும்பு வளையாது என்று கையால் காட்டிக் காட்டி விளக்கினார். கூட வேலை செய்தவர்களின் பெயர், ஊர் எல்லாம் சொன்னார். பழைய நினைவு தெளிவாக இருப்பதை மட்டும் வைத்து மறதி நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழசு பெரும்பாலும் கடைசியில்தான் போகும். ஆனால் அன்று காலை என்ன சாப்பிட்டார், மகள் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் சரியாகவே சொன்னார். தடுமாறியது தேதியிலும் இரண்டு புதிய பெயர்களிலும்தான்.

மாத்திரை டப்பாவில் வேறொரு கதை இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை பாதிக்கு மேல் மிச்சம். அன்று எடுத்த அளவு 168/90. அதோடு, மருந்துக் கடையில் அவரே வாங்கிய சளி, அலர்ஜி மாத்திரை ஒரு பட்டை. தூக்கம் வரவில்லை என்று பல மாதமாக இரவில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தாராம். அது குளோர்ஃபெனிரமின். நினைவுக்கு மூளையில் தேவைப்படும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும் வகை மருந்து. வயதானவர்களுக்கு மறுநாளும் மந்தத்தையும் குழப்பத்தையும் தரக்கூடியது. முதியோருக்கு இதைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவர்களுக்கு வழிகாட்டிகளே உண்டு. எந்த மருத்துவரிடமும் ஐயா இதைச் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதால் அதை மருந்தென்றே அவர் நினைக்கவில்லை.

தினசரி நேரத்தையும் எழுதிக்கொண்டோம். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் தூக்கம். இரவு எட்டரைக்குப் படுக்கை. இரண்டு மணிக்கு விழிப்பு. விடியும் வரை இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

பரிசோதனைகள்

இதற்கு முன்பே குடும்பம் ஒரு மருந்தகத்தில் (கிளினிக்கில்) மோக்கா என்ற அறிதிறன் (நினைவு, கவனம், சிந்தனை) சோதனையை எடுத்திருந்தது. மொத்தம் 30 புள்ளி, 26-க்குக் கீழே போனால் மேலும் பார்க்கவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஐயாவுக்கு 18. அந்தச் சோதனை ஆங்கிலமும் மலாயும் கலந்து நடந்தது. ஐந்து சொற்களைக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்வதும், எண் வரிசையைக் கேட்டுச் சொல்வதும் அந்தச் சோதனையில் உண்டு. சொல்லே காதில் விழாதவர் அதை எப்படி நினைவில் வைப்பார்?

குடும்ப மருத்துவருக்கு நாங்கள் கண்டதை எல்லாம் எழுதி அனுப்பினோம். அவர் மூன்று வழியில் நகர்த்தினார்: ரத்தப் பரிசோதனை, காதுப் பரிசோதனை, மருத்துவமனை நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம். மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் மறதி வரலாம் என்பதால் எங்களுக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது. முடிவு சரியாகவே வந்தது. தைராய்டும் சரி.

காதில் இரண்டு பக்கமும் நடுத்தரத்துக்கும் அதிகமான கேட்புக் குறைவு, அதுவும் உயர்ந்த சுருதி ஒலிகளில். நெடுங்காலம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வரும் வகை. இந்தக் குறைவில் ஆள் பேசுவது கேட்கும், சொல் பிரியாது. ச, த, ப போன்ற மெய்யொலிகள் கரைந்துவிடும். இரைச்சலான இடத்தில் இன்னும் மோசம். கோப்பிக் கடையை ஐயா ஏன் விட்டார் என்பது அந்த வரைபடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

நினைவாற்றல் பிரிவில், ஒலியைப் பெருக்கும் சிறு கருவியை ஹெட்போனோடு மாட்டி, மோக்காவின் தமிழ் வடிவத்தைத் தமிழ் பேசும் ஊழியரைக் கொண்டு எடுத்தார்கள். அலர்ஜி மாத்திரையை நிறுத்தியும் சில வாரங்கள் ஆகியிருந்தன. இந்த முறை 23. மூளை ஸ்கேனில் சிறு ரத்த நாளங்கள் பழுதடைந்ததற்கான அடையாளங்கள் இருந்தன. நெடுநாள் கட்டுப்படாத அழுத்தத்தோடு ஒத்துப்போகும் படம். லேசான அறிதிறன் குறைபாடு, மறதி நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னார். இந்தக் குறைபாடு சிலருக்கு மறதி நோயாக முற்றும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குத் திரும்பவும் செய்யும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மகள் அழுதுவிட்டார். என்ன சொன்னார்கள் என்று ஐயா என்னிடம் கேட்டார். நான் எழுதிக் காட்டினேன்.

வீட்டில் கூடி எடுத்த முடிவுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்தோம். மகள் ஒரு பணிப்பெண்ணை வைத்து, அப்பாவை வெளியே தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மனைவிக்கு அவர் அடுப்பருகே போவதே பயம். அக்கறையினால் வந்த யோசனைகள்தான். ஆனால் இரண்டையும் செய்தால் ஐயாவிடம் மிச்சம் இருக்கும் வேலைகளையும் பறித்துவிடுவோம். கடைக்குப் போவது, மீன் வாங்குவது, சில்லறை எண்ணுவது எல்லாமே மூளைக்கு வேலைதான். ஆபத்து எங்கே உண்மையாக இருக்கிறதோ அங்கே மட்டும் காவல் போடலாம் என்று பேசினோம். கட்டணங்கள் மகளின் கைக்கு மாறின. அடுப்பு, கடை, பேருந்து எல்லாம் அவரிடமே இருக்கட்டும் என்று முடிவானது. பேருந்துக்கு மட்டும் நிறுத்தத்தின் பெயரை எழுதிய ஒரு சிறு அட்டை சட்டைப் பையில்.

பிறகு வரிசை. முதலில் காது. அதோடு சேர்த்து ரத்த அழுத்தம், மருந்து. மூன்றாவது தூக்கம். இவை ஓரளவு சரியான பிறகுதான் நடை, ஆட்கள், புதிதாகக் கற்றல். காது கேட்காதவரை ஒரு குழுவில் உட்கார வைத்தால் அவர் இன்னும் தனிமையாவார். தூக்கமில்லாதவரைக் காலை நடைக்கு அழைத்தால் இரண்டு நாளில் வெறுத்துப்போவார்.

இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலை மகளுக்கு நேரம் எடுத்து விளக்கினோம். 2015-ல் வெளியான பின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேர் இரண்டு ஆண்டு பங்கேற்றார்கள். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த நாளக் கோளாறுகளைக் கண்காணித்தல் ஆகிய நான்கையும் சேர்த்துச் செய்தவர்களின் அறிதிறன், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. சிங்கப்பூரிலும் அதே பாதையில் சிங்கர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நம்புவதைவிடப் பலவற்றைச் சேர்த்துச் செய்வது நல்லது என்பதுதான் அதன் சாரம். அதனால் கைக்கணினியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, அதை மட்டும் நம்பவேண்டாம் என்றோம். நினைவாற்றல் மாத்திரையை நிறுத்தச் சொன்னோம். அறிதிறன் குறைவைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, பல சத்து மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பணம் காதுக் கருவிக்குப் போகட்டும்.

காதைப் பற்றிச் சொல்லும்போது நிதானமாகத்தான் சொன்னோம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டு நடந்த அச்சீவ் ஆய்வின் முடிவு 2023 ஜூலையில் வெளியானது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் காதுக் கருவியால் அறிதிறனில் வேறுபாடு இல்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினருக்குச் சரிவின் வேகம் 48% குறைந்தது. ஐயா போன்றவர்களுக்கு நம்பிக்கை தரும் முடிவு, உத்தரவாதம் இல்லை. நினைவுக்கு உதவினாலும் உதவாவிட்டாலும் பேரன் பேசுவது கேட்கும், அதற்காகவே வாங்கலாம் என்று மகள்தான் சொன்னார்.

காதுக் கருவியின் முதல் மாதங்கள்

செலவுக்கு, மூத்தோருக்கான நடமாட்ட, உதவிச் சாதன நிதி கைகொடுத்தது. வருமானத்தைப் பொறுத்து 90% வரை மானியம் அப்போது கிடைத்தது. இப்படி ஒன்று இருப்பது இந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. இன்னும் பல குடும்பங்களுக்கும் தெரியாது.

கருவி வந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. முதல் வாரமே அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. "கரண்டி சத்தம் மண்டையில அடிக்குது" என்றார். பல ஆண்டு அமைதியாக இருந்த மூளைக்கு எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் வந்தால் அப்படித்தான் இருக்கும். எது பேச்சு, எது தட்டுமுட்டுச் சத்தம் என்று பிரிக்க அது மறுபடியும் பழகவேண்டும். இன்னொரு சிக்கல் பேட்டரி. இரும்பைப் பிடித்துப் பழகிய விரல்களால் அரிசி போன்ற அந்தச் சிறு பேட்டரியை மாற்ற முடியவில்லை. அவமானமாக நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. செவித்திறன் நிபுணரிடம் பேசி, மின்னூட்டம் செய்யும் வகைக்கு மாற்றியதும் பாதிப் பிரச்சினை போனது.

மீதிக்குப் படிப்படியாக ஒரு திட்டம் போட்டோம். முதலில் வீட்டில், டிவி இல்லாமல், மனைவியோடு சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அடுத்தது ஒலி 96.8 வானொலிச் செய்தி, குறைந்த சத்தத்தில். பிறகு தொலைபேசியில் பேரன். கோப்பிக் கடையைக் கடைசிக்கு வைத்தோம். அங்கே போகும்போதும் மின்விசிறி, டிவி, பாத்திரம் கழுவும் இடம் மூன்றிலிருந்தும் தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி உட்காரும் மேசையை நானே போய்ப் பார்த்து வைத்தேன். நண்பர்களிடமும் பேசினேன். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர், முகத்தைப் பார்த்துப் பேசுவது, அவ்வளவுதான் கேட்டது. அவர்களில் இருவர் தங்களுக்கும் சரியாகக் கேட்பதில்லை என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்கள். கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது மட்டும் கருவியைக் கழற்றிவிடுவார். அதை நாங்கள் தடுக்கவில்லை.

வீட்டாரும் பழகவேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து கத்துவதை விட்டுவிட்டு, பக்கத்தில் வந்து பெயர் சொல்லிவிட்டுப் பேசவேண்டும். கத்தும்போது சொல் இன்னும் சிதையும், கேட்பவருக்குக் கோபமும் வரும். அவருக்குப் பதிலாகப் பதில் சொல்வதை மனைவி நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தை விடுவது சின்ன விஷயமில்லை.

அழுத்தம், தூக்கம், சாப்பாடு

மாத்திரை வாரப் பெட்டிக்கு மாறியது. காலை தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் பெட்டி. தேநீர் மறப்பதில்லை, அதனால் மாத்திரையும் மறப்பதில்லை. அழுத்தத்தைத் தீவிரமாகக் குறைத்தால் லேசான அறிதிறன் குறைபாடு 19% குறைந்தது என்று 2019-ல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு காட்டியது. ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. எழுந்து நின்றால் தலைசுற்றும் பழக்கமும் ஐயாவுக்கு இருந்தது. அதனால் மருத்துவர் அவசரப்படாமல் 130-ஐ ஒட்டிய ஓர் இலக்கை வைத்து, சில மாதம் எடுத்து இறக்கினார்.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் மாற்றப் போகவில்லை. சிங்கப்பூரர்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வதாக 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு சொன்னது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2,000. இந்த வீட்டில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மூன்றே இடம்: தேக்கா சந்தையிலிருந்து வரும் கருவாடு, ஊறுகாய், அப்பளம். தினமும் இருந்தது வாரத்துக்கு ஒருமுறையாயிற்று. ரசத்தில் உப்பைக் குறைத்து மிளகையும் எலுமிச்சையையும் கூட்டினார் அம்மா (ஐயாவின் மனைவி). மதியம் சோற்றின் பக்கத்தில் கீரையும் பருப்பும் கூடின, மீன் வறுவல் குழம்பாக மாறியது. நம் சமையலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் தூக்கிப் பிடித்தோம். ஆலிவ் எண்ணெய் வாங்கச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

தூக்கம் மெதுவாகத்தான் வந்தது. மதியத் தூக்கத்தை அரை மணி நேரமாகக் குறைக்க, அந்த நேரத்தில் அவருக்கு வேறு ஒரு வேலை தேவைப்பட்டது. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். மாலைத் தேநீர் நான்கு மணிக்கு மேல் இல்லை, படுக்கை பத்து மணிக்கு. அவர் குறட்டை பற்றியும் மருத்துவரிடம் சொன்னோம். தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று பார்த்து, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள்.

நடையும் ஆட்களும்

காலை ஏழே காலுக்கு, வெயில் ஏறும் முன், மனைவியோடு ஈசூன் குளத்தைச் சுற்றி நடை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற அளவை எட்ட மூன்று மாதம் ஆனது. முட்டி வலி இருந்ததால் நிலையத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியும், நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்ந்தன.

மதிய நேரத்துக்கு வருகிறேன். நிலையத்துக்கு வரும் தமிழ் முதியவர்களில் இருவருக்குக் கண்பார்வை குறைவு, நாளிதழ் படிக்க முடியாது. ஐயாவிடம் ஓர் உதவியாகத்தான் கேட்டோம்: இரண்டரை மணிக்கு வந்து தமிழ் முரசைச் சத்தமாகப் படித்துக் காட்ட முடியுமா? "உங்களுக்கு நல்லது" என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். இன்னொருவருக்கு ஆகவேண்டிய காரியம் என்றதும் வந்தார். மரண அறிவித்தலில் ஆரம்பித்து, தெரிந்த பெயர் வந்தால் அந்தக் குடும்பத்தின் வரலாறே அரை மணி நேரம் ஓடும். படிப்பது, கேட்பது, நினைவுகூர்வது, வாதாடுவது எல்லாம் ஒரே மேசையில். எந்தச் செயலியும் இதைத் தராது என்று உறுதியாகச் சொல்வேன்.

பக்கத்து மேசையில் சீன, மலாய் முதியவர்கள் எண் போட்ட கட்டைகளை வைத்து ரம்மி-ஓ ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒருநாள் அவரையும் கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த ஆட்டம் புதிது. பட்டறையில் பேசிய பாசார் மலாயை (எளிய சந்தை மலாய்) வைத்துச் சமாளித்துக் கற்றுக்கொண்டார். புது விதிகள், எண்கள், வேற்று மொழி, எதிரே மூன்று முகம். 2024 நடுவில் அவர்தான் வாரம் இரண்டு நாள் கட்டைகளை எடுத்து வைத்து மேசையை ஆரம்பித்துவைப்பவர்.

நடுவில் வந்த முறிவு

பத்தாவது மாதத்தில் மனைவிக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை. மகள் இருவரையும் பொங்கோலுக்கு அழைத்துப் போனார். ஆறு வாரத்தில் பெரும்பகுதி கலைந்துவிட்டது. நடை நின்றது. தெரியாத இடம் என்பதால் வெளியே போகவில்லை. காதுக் கருவி மின்னூட்டியிலேயே இருந்தது. அழுத்தம் மீண்டும் 150-ஐத் தாண்டியது. பேச்சும் குறைந்தது.

காரணம் தெளிவு. மாத்திரை, நடை, சாப்பாடு, கருவி எல்லாமே அம்மா என்ற ஒரே தூணில் நின்றன. அவர் படுத்ததும் எல்லாம் சாய்ந்தது. அவருடைய களைப்பையும் முட்டி வலியையும் அதுவரை யாரும் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. வீடு திரும்பியதும் பொறுப்புகளைப் பிரித்தோம். மாத்திரைப் பெட்டியை வாரந்தோறும் நிரப்புவது மகள். காலை நடைக்கு இரண்டு நாள் கோப்பிக் கடை நண்பர் ஒருவர். கருவியைப் பார்ப்பது ஐயாவே, எங்கள் தாதியின் மேற்பார்வையில். பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் பிடித்தது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

2024 கடைசியில் நடந்த மறுபரிசோதனையில் மோக்கா 24. ஒரு புள்ளி கூடியதை முன்னேற்றம் என்று மருத்துவர் எடுத்துக்கொள்ளவில்லை. சோதனையே பழகியிருக்கலாம். சரியவில்லை என்பதுதான் செய்தி, அது நல்ல செய்தி. அழுத்தம் 134/78 அளவில் நிற்கிறது. பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது குறைந்திருக்கிறது, போகவில்லை. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துக் காட்ட இந்த ஒரு நிகழ்வால் முடியாது.

வீட்டில் மாறியது அளவுகோலில் வராதது. பேரன் இப்போது தாத்தாவோடு தினமும் பேசுகிறான். கோப்பிக் கடை மேசையில் ஐந்தாவது நாற்காலி நிரம்பியிருக்கிறது. நீடித்த அதிகாரப் பத்திரமும் பதிவாகிவிட்டது. பின்னால் தன்னால் முடிவெடுக்க இயலாமல் போனால் மகள் தன் சார்பில் முடிவெடுக்கலாம் என்று, தெளிவாக இருக்கும்போதே ஐயாவே முன்வந்து கையெழுத்திட்டார். இதைத் தள்ளிப்போடும் குடும்பங்களைப் பார்த்து வருத்தப்படுபவன் நான்.

இனி எப்படிச் செய்கிறோம்

எங்கள் நிலையத்தில் நினைவைப் பற்றிய கவலையோடு யார் வந்தாலும் இப்போது காது, கண், மருந்துப் பட்டியல் மூன்றையும் முதல் சந்திப்பிலேயே பார்க்கிறோம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கான புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் திட்டத்தில் கண், காது, வாய் மூன்றையும் ஒரே இடத்தில் சோதித்துவிடலாம். மருந்துப் பட்டியலில், கடையில் தானாக வாங்கியவை, ஊரிலிருந்து வந்த லேகியம், சூரணம் எல்லாம் சேரும். 2024-ல் வெளியான லான்செட் மருத்துவ இதழின் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறத்தாழ 45% வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. கேட்புக் குறைவு அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. பார்வைக் குறைவும் கெட்ட கொழுப்பும் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவை.

சோதனை மொழியைப் பற்றி மருந்தகங்களுக்கு முன்கூட்டியே எழுதுகிறோம்: தமிழில் சிந்திப்பவருக்குத் தமிழில், கேட்காதவருக்கு ஒலிபெருக்கியோடு. 18-க்கும் 23-க்கும் இடையில் ஒரு குடும்பத்தின் மூன்று மாதத் தூக்கம் இருக்கிறது. மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி இங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோய் உள்ளவர்கள் 2013-ல் 10-ல் ஒருவர், 2023-ல் 8.8%. குறைந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் ஒருவருக்கு அந்தப் பெயரைச் சூட்டும் முன் சோதனை நியாயமாக நடந்ததா என்று கேட்பது நம் கடமை.

பராமரிப்பவருக்கும் ஒரு தனிக் கோப்பு திறக்கிறோம். எந்தத் திட்டத்திலும் ஒவ்வொரு பழக்கத்துக்கும் இரண்டு பேர் பெயர் இருக்கவேண்டும், ஒருவர் விழுந்தால் மற்றவர் பிடிக்க. இந்த வீட்டில் அம்மாவுக்கு இப்போது 69. அவருடைய ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்தாயிற்று. காதுப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் நேரம் கிடைத்திருக்கிறது, கூடப் போவது ஐயா.